மூணு அடித்தல், ஒரு வட்டம்

பல்லு காணாமப் போச்சுன்னு சொன்னா யாரு நம்புவாங்க. அதுவும் வாயில இருந்த பல்லு இல்ல, இனிமேதான் வாய்க்குப் போகணும். மேல் செட்டு, பதினாலு பல்லு, ஒரு வக்கீலுக்காகச் செஞ்சது. அவருக்கு மறுநாள் காலையில பத்து மணிக்குக் கோர்ட்டு. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு லேப் முதலாளியே நேர்ல வந்து செட்டை வாங்கிட்டுப் போய் அவர் கையில குடுக்கறதா ஏற்பாடு. இப்ப மணி ரெண்டே முக்கால்.

இவ்வளவையும் சில்லு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சா. வயசு பதினாறு. ஆளு சின்னதா இருக்கறதால வீட்டுல எல்லாரும் சில்லுன்னே கூப்பிடுவாங்க. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்திருந்தா. பேசும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கடகடன்னு மோதிச்சு.

எதிர்ல உக்காந்திருந்தவரு துப்பறியறவரு. அதுக்கு முன்னாடி இருபது வருஷம் பரீட்சை ஹால்ல மேற்பார்வை பாத்தவரு. அதனால அந்தக் கட்டிடத்துல எல்லாருக்கும் அவரு சூப்பர்வைசர். குரலை உசத்தவே மாட்டாரு. சும்மா முதுகுக்குப் பின்னாடி வந்து நிப்பாரு, நாம செய்யாத தப்பையும் ஒத்துக்கத் தோணும். ஜன்னல்கிட்ட நின்னவங்க அவரோட உதவியாளர். முன்னாடி பஸ்ல கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு வருஷமாச்சு, ஆனா பஸ்ஸு இன்னும் அவங்க வாயை விட்டு இறங்கல.

"நடுவுல ஒரு ஸ்டாப்பிங்கை விட்டுட்டம்மா," ன்னாங்க கண்டக்டரக்கா. "வக்கீலுக்குப் பல்லு போச்சு, சரி. உனக்கு ஏன் பல்லு தந்தியடிக்குது?"

 மீதிக் கதை அப்பத்தான் வெளிய வந்துச்சு.

ஒரு மாடி கீழ இருக்கற பல் லேப்ல அவ மாமா வேலை பாக்கறாரு. அம்மாவோட தம்பி. ஞாயித்துக்கிழமை லேப் லீவு. சாவி மாமாகிட்ட. மாமா, எதிர் பல் கிளினிக் நர்ஸு, கட்டிடத்துல லிஃப்ட் பழுது பாக்கற மெக்கானிக், இவங்க மூணு பேரும் மத்தியானம் அங்க கூடி விளையாடுவாங்க. முதலாளிக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே மாமா சீட்டு கிழியும். வீட்டுல அடுப்பு எரியறது அந்த ஒரு சம்பளத்துல.

என்ன விளையாட்டுன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. பலகை, காய் எதுவும் கிடையாதாம். ஒருத்தர் கதை நடத்தணும், மத்தவங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு, நான் கதவை உடைக்கறேன், நான் கூரை மேல ஏறறேன்னு வாயாலயே விளையாடணும். கதை நடத்தறது சில்லு. மத்த இடத்துல கதை நடத்தறவங்க பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு வருவாங்க. இவ ஒரு வரி எழுத மாட்டா. எங்கயாவது முட்டிக்கிட்டா ஒரு கேள்வியைக் கேட்டு ஆறு முகப் பகடையை உருட்டுவா. ஒண்ணு, ரெண்டு விழுந்தா இல்ல. மூணு, நாலு விழுந்தா ஆமா, ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு. அஞ்சு, ஆறு விழுந்தா ஆமா. காவக்காரன் தூங்கறானான்னு கேட்டு நாலு விழுந்துச்சுன்னு வைங்க, அவன் தூங்கறான், ஆனா நாய் முழிச்சிருக்கு. அவ்வளவுதான். கதை தானா ஓடும்.

கண்டக்டரக்கா சூப்பர்வைசரைப் பாத்தாங்க. "சார், இருபது வருஷமா நீங்க தேடினீங்களே, ஒண்ணுமே படிக்காம வந்து பாஸ் பண்ற பிள்ளை, அது இதுதான்."

சில்லுவுக்குச் சிரிப்பு வரல. நேத்து கதையில ஒரு பொக்கிஷம் தேவைப்பட்டுச்சு. பெட்டிக்குள்ள நெசமாவே விலை மதிப்பான பொருள் இருக்கான்னு உருட்டினா, அஞ்சு விழுந்துச்சு. இருக்கு. கையில எதையாவது காட்டினா நல்லா இருக்குமேன்னு பதினோராம் நம்பர் ட்ரேலேருந்து வக்கீல் செட்டு இருந்த டப்பாவையே எடுத்து மேஜை நடுவுல வச்சுட்டா. ராஜாவோட சிரிப்பு, அதை யாரோ திருடணும், அதுதான் கதை. மெக்கானிக்தான் திருடன் வேஷம். விளையாட்டு முடிஞ்சதும் டப்பாவை அவளே திருப்பி ட்ரேல வச்சா. அது சத்தியம். இன்னிக்குக் காலையில பகடையும் நோட்டும் இருந்த பையை மறந்துட்டமேன்னு எடுக்கப் போனா, ட்ரே அடுக்குக்கு முன்னாடி மாமா பிளாஸ்டர் பொம்மை மாதிரி நிக்கறாரு. பதினோராம் ட்ரேல டப்பா இல்ல. ஒரு துண்டுச் சீட்டுதான் கிடந்துச்சு.

"பாத்துக்கலாம், நீ வீட்டுக்குப் போ"ன்னு மாமா சொன்னாராம். அவ போகல. மாடிப்படியிலயே மணிக்கணக்கா உக்காந்திருந்துட்டு, கடைசியில கீழ இறங்கறதுக்குப் பதிலா மேல ஏறி வந்துட்டா.

கையோட எடுத்துட்டு வந்த சீட்டை மேஜை மேல வச்சா. நீலக் கட்டம் போட்ட தாளு, அவ நோட்டுலேருந்து கிழிச்சது. பென்சில்ல நாலு எண்ணு. ரெண்டு, அதை அடிச்சிருக்கு. ஒண்ணு, அதையும் அடிச்சிருக்கு. மறுபடி ரெண்டு, அதுவும் அடிப்பட்டிருக்கு. கடைசியில அஞ்சு, சுத்தி ஒரு வட்டம். அடிச்சதுன்னா கொஞ்ச நஞ்சமில்ல, தாளு கிழியற மாதிரி.

சூப்பர்வைசர் அதை ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சில்லுவோட நோட்டைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாப் புரட்டினாரு. கேள்வி, எண்ணு, கேள்வி, எண்ணு. ஒரு இடத்துலகூட அடித்தல் கிடையாது.

"உருட்டினா உருட்டினதுதான்," ன்னா சில்லு. அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவ குரல்ல நடுக்கம் இல்ல. "பிடிக்கலன்னு மாத்தி உருட்டக் கூடாது. அது என் ரூல்."

"அப்ப இது விளையாட்டு நேரத்துல உருட்டினது இல்ல. ஆனா உன் ரூல் தெரிஞ்சவங்கதான் உருட்டியிருக்காங்க." சூப்பர்வைசர் சீட்டை மடிக்காம சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. "பரீட்சை ஹால்ல அடிச்சு அடிச்சு எழுதறவன் விடை தெரியாதவன் இல்லம்மா. விடை தெரிஞ்சு பயப்படறவன். இவங்க மூணு தடவ இல்லங்கற பதிலை அடிச்சிருக்காங்க. ஆமான்னு வர்ற வரைக்கும் விடல. கேள்வி என்னன்னு கண்டுபிடிச்சா பல்லைக் கண்டுபிடிச்சுடலாம்."

"மூணு பேருல ஒருத்தர்," ன்னு கண்டக்டரக்கா பையை மாட்டிக்கிட்டாங்க. "வாங்க, எல்லாரும் உள்ள தள்ளி நில்லுங்க."

முதல்ல நர்ஸு. எதிர் கிளினிக்ல ஊசி போட்டுக்கிட்டே பேசினாங்க. சீட்டைக் காட்டினதும் மூக்கைச் சுளிச்சாங்க. ஆஸ்பத்திரியில ஒரு எண்ணு தப்பாப் போச்சுன்னா இப்படிக் கறுப்பாப் பூச முடியாதாம். குறுக்க ஒரே ஒரு கோடு, பக்கத்துல கையெழுத்து, நேரம். அடியில என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்கத் தெரியணும். வீட்டுல மளிகை லிஸ்ட்டுலகூட தான் அப்படித்தான் அடிக்கறதா சொல்லி, சான்றுக்குக் கைப்பையிலேருந்து ஒண்ணை எடுத்தும் காட்டினாங்க. புளிக்கு நேரா ஒரே கோடு, பக்கத்துல கையெழுத்து, மணி ஆறு பத்து.

கிளம்பும்போது கண்டக்டரக்கா போற போக்குல கேட்டாங்க, அந்த வக்கீலு எப்படி ஆளுன்னு. நர்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. சனிக்கிழமை பல்லை வாயில வச்சுப் பாக்க வந்தாராம். பேசிப் பாருங்க சார்னு டாக்டர் சொன்னதும், சாட்சின்னு ஒரு வார்த்தை சொன்னாராம். கூடவே ஒரு விசிலு. சட்டம்னு சொன்னாரு, இன்னொரு விசிலு. நர்ஸு முகமூடிக்குள்ளயே சிரிச்சு மூச்சு முட்டிப் போச்சாம். அதைச் சில்லுவோட மாமாகிட்டயும் சொன்னாங்களாம். பாவம், அவரு மட்டும் சிரிக்கவே இல்லயாம்.

"விசிலு அடிச்சா வண்டி கிளம்பணும்," ன்னாங்க கண்டக்டரக்கா.  சூப்பர்வைசர் படியிறங்கும்போது ஒரு படியில சும்மா நின்னுட்டுத்தான் அடுத்த படிக்குக் காலை வச்சாரு.

மெக்கானிக் ரெண்டாவது மாடியில, லிஃப்ட் குழிக்குள்ள இடுப்பு வரைக்கும் இறங்கி நின்னுக்கிட்டிருந்தாரு. தலை மட்டும் தரை மட்டத்துல தெரிஞ்சுது. திருடன் வேஷம் போட்டவரு ஆச்சேன்னு கண்டக்டரக்கா குனிஞ்சு விசாரிச்சாங்க. அவரு நெசமாவே கலங்கிப் போயிட்டாரு.

"அக்கா, கதையில திருடினதுக்கே நேத்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பொண்டாட்டி என்னன்னு கேட்டா. ராஜாவோட சிரிப்பைத் திருடிட்டேன்னேன். தலையில தண்ணி ஊத்தினா."

அதுவுமில்லாம, அவரு எழுதற ஆளே இல்லயாம். கேபிள் நம்பரைக்கூட உள்ளங்கையில பேனாவால குறிச்சுக்கிட்டு, சாயங்காலம் சோப்பு போட்டுக் கழுவிடுவாராம். கையை விரிச்சுக் காட்டினாரு. நெசந்தான், உள்ளங்கை பூரா எண்ணு.

மணி மூணு நாப்பது.  அந்த ரெண்டு பேரும் இல்லன்னா, மிச்சம் யாருன்னு கணக்குப் போட சில்லுவுக்கு விருப்பமில்ல. வேற யாரோ, வெளியாளு, பூட்டை உடைச்சுட்டு வந்தவன், அப்படின்னு மனசுக்குள்ள ஒரு திருடனை உருவாக்கிப் பாத்தா. பகடை இல்லாம அவளால ஒரு மூஞ்சியைக்கூட உருவாக்க முடியல.

லேப் சின்னது. ஒரு நீள மேஜை, சுவத்துல வரிசையா நம்பர் போட்ட ட்ரே, அலமாரி பூரா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கற பிளாஸ்டர் தாடைங்க. மூலையில அடுப்பு மேல ஒரு மூடி போட்ட பாத்திரம், சமையல் குக்கர் மாதிரியே, புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. மாமா இவங்களைப் பாத்ததும் எழுந்துட்டாரு. கண்ணு மட்டும் ஒரு தடவ அந்த மூலைக்குப் போய்ட்டு வந்துச்சு.

"எத்தனை விசிலுக்கு இறக்குவீங்க?" ன்னாங்க கண்டக்டரக்கா.

பழைய வேலை ஒண்ணு, சும்மா வெந்துக்கிட்டிருக்குன்னாரு மாமா. சூப்பர்வைசர் அவரை ஒரு கேள்வியும் கேக்கல. அலமாரியைச் சுத்தி நடந்தாரு, தாடைங்களை எல்லாம் பரீட்சை எழுதற பிள்ளைங்களைப் பாக்கற மாதிரி பாத்தாரு. மாமா கழுத்துல வேர்வை இறங்கறதைச் சில்லு பாத்துக்கிட்டே இருந்தா.

அப்ப ஒரு கிளினிக்லேருந்து ஆள் வந்தாரு. நாலாம் நம்பர் அச்சு வேணும்னு டாக்டர் கேட்டாராம். மாமா நாலாவது ட்ரேயை இழுத்தாரு, பிளாஸ்டர் அச்சை எடுத்தாரு, காகிதத்துல சுத்திக் குடுத்தாரு. குடுத்துக்கிட்டே மேஜை மேல கிடந்த ஒரு துண்டுத் தாளை எடுத்து, அதுல என்ன இருக்குன்னுகூடப் பாக்காம, காலி ட்ரேல போட்டு உள்ள தள்ளினாரு.

சில்லு பாத்தா. ஏழாவது ட்ரேலயும் ஒரு தாளு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பதிமூணுலயும். எது வெளிய போயிருக்கோ அதுல எல்லாம் ஒரு சீட்டு. எத்தனையோ ஞாயித்துக்கிழமை இதே அறையில உக்காந்திருக்கா, ஒரு நாளும் கண்ணுல பட்டதில்ல. ட்ரேலேருந்து ஒரு பொருளை எடுத்தா அந்த இடத்தைச் சும்மா விடக்கூடாது. லேப் ஆளுங்களுக்கு அது கை தானாச் செய்யற வேலை. திருடன் எவனாவது எடுத்த இடத்துல சீட்டு வச்சுட்டுப் போவானா?

அவ காது ரெண்டும் சூடாச்சு. திரும்பி சூப்பர்வைசரைப் பாத்தா. அவரும் நாலாவது ட்ரேயைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு.

"போலாம் சார்," ன்னா அவசரமா. "விடுங்க. நாங்களே தேடிக்கறோம்."

அவரு நகரல.

"நான்தான் எடுத்தேன்," ன்னா சில்லு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம்னு அவளுக்கே தெரிஞ்சுது. "விளையாட்டுக்கு. எங்கயோ வச்சுட்டேன். முதலாளிகிட்ட நானே சொல்லிக்கறேன், மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒரே சீட்டுக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கறாங்க சார்," ன்னாங்க கண்டக்டரக்கா. ஆனா மெதுவாத்தான் சொன்னாங்க.

மாமா நாற்காலியில பொத்துன்னு உக்காந்தாரு. போய் அடுப்பை அணைன்னு சில்லுகிட்ட சொன்னாரு. ஆவி அடங்கற வரைக்கும் பொறுத்திருந்தாரு. மூடியைத் திறந்து இடுக்கியால உள்ளேருந்து அவரு தூக்கினது வக்கீலோட மேல் செட்டு. முன் பல்லு ரெண்டும் வெட்டி எடுத்து, கொஞ்சம் உள்ள தள்ளி, புதுசா ஒட்டியிருந்துச்சு, அது இறுகத்தான் வேக வச்சிருந்தாரு.

நர்ஸு சனிக்கிழமையே விசில் கதையைச் சொல்லிட்டாங்க. மாமா முதலாளிகிட்ட போய் நிறுத்திடலாம், திருத்திக் குடுக்கலாம்னாரு. அதெல்லாம் பழகிடும், தேதி குடுத்தாச்சு, அனுப்புன்னுட்டாரு முதலாளி. நேத்து எல்லாரும் கிளம்பின பிறகு மாமா இங்க தனியா உக்காந்தாரு. கோர்ட்டுல அந்த மனுஷன் ஒவ்வொரு சாட்சிக்கும் விசிலடிக்கறதும் சபையே சிரிக்கறதும் கண்ணு முன்னால வந்துச்சு. முதலாளி கத்தறதும் வந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, சில்லு விட்டுட்டுப் போன பையிலேருந்து ஒரு பகடையை எடுத்து, பல்லை நிறுத்திடலாமான்னு கேட்டு உருட்டினாரு.

"ரெண்டு வந்துச்சு. மறுபடி உருட்டினேன். ஒண்ணு. அந்தச் சனியன் முதலாளி பக்கமே பேசுது."

நாலாவது தடவ அஞ்சு விழுந்ததும் டப்பாவைத் தூக்கிட்டாரு. பழக்க தோஷம், கையில இருந்த சீட்டு ட்ரேக்குள்ள போயிடுச்சு. காலையில அதை எடுக்கலாம்னு வந்து நின்ன நேரத்துல சில்லு வந்து பாத்துட்டா. மத்தியானத்துக்குள்ள திருத்தி முடிச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி டப்பாவை வச்சுடலாம்னு நினைச்சாரு.

"மூணு தடவ உருட்டினப்பவே உங்களுக்குப் பதில் தெரிஞ்சுடுச்சு," ன்னாரு சூப்பர்வைசர். "நாலாவது, சும்மா துணைக்கு."

மாமா பல்லை உள்ளங்கையில வச்சுக்கிட்டு அதையே பாத்தாரு. திருத்தினது சரியா வந்திருக்கான்னு வாயில வச்சுப் பாத்தாத்தான் தெரியும். இன்னும் விசிலடிச்சா? ஒரு நாள் இருந்தா மெழுகுல வச்சு ஒழுங்காச் செய்யலாம். மணி நாலே கால். முதலாளி அஞ்சு மணிக்குன்னா நாலே முக்காலுக்கே வந்து நிக்கற ஆளு.

சில்லு மேஜை மேல இருந்த போனை எடுத்தா. டப்பா மூடியில வக்கீல் நம்பர் ஒட்டியிருந்துச்சு. மாமா வேணாம்னு கையைத் தூக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் எடுத்துட்டாங்க.

பல்லு இல்லாத வாயிலேருந்து வர்ற கொழகொழ ஹலோ.  சில்லு ஆரம்பிச்சா, நிறுத்தவே இல்ல. பல்லு விசிலடிக்குது, அதை என் மாமா தெரிஞ்சுதான் நிறுத்தி வச்சிருக்காரு, நாளைக்குக் காலைக்குள்ள தர முடியாது, புதன்கிழமை தருவோம், தப்புன்னா என்னைத் திட்டுங்க. சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு.

"நெசமாவே நாளைக்கு முடியாதா?" ன்னாரு வக்கீலு.

"முடியாது சார்."

"எழுதிக் குடுப்பீங்களா? லேப் பேரு போட்டு, முத்திரை குத்தி?"

எதுக்குன்னு கேக்கற தைரியம் அவளுக்கு இல்ல. ஆனா அவரே சொன்னாரு, கொஞ்சம் குரலைத் தணிச்சு. அவரோட முக்கிய சாட்சி ஊர்லயே இல்லயாம். வாய்தா வாங்க ஒரு காரணம் கிடைக்காதான்னு ரெண்டு வாரமாத் தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தாராம். பல்லு இல்லாத வக்கீலை வாதாடுன்னு எந்த நீதிபதியும் சொல்ல மாட்டாரு. முதலாளிகிட்ட தானே பேசிக்கறேன், தான்தான் தள்ளிப் போடச் சொன்னதா சொல்லிடறேன், நீங்க வாயே திறக்க வேணாம்னு சொல்லிட்டு வச்சுட்டாரு.

கண்டக்டரக்கா சுவத்துல சாஞ்சுக்கிட்டு, சத்தம் வராம, தோளு குலுங்கச் சிரிச்சாங்க.

நாலே முக்காலுக்குக் கதவு திறந்துச்சு. முதலாளி முகமெல்லாம் சிரிப்பு. வக்கீலே போன் பண்ணினாராம், அவருக்கே அவசரமில்லயாம், புதன்கிழமை போதுமாம். மேஜை மேல கிடந்த பல்லையும், அதுல வெட்டி ஒட்டின இடத்தையும் அவரு கவனிக்கக்கூட இல்ல.

"என்ன அதிர்ஷ்டம் பாத்தியா உனக்கு," ன்னு மாமா தோள்ல தட்டினாரு.

சில்லு மூச்சைப் பிடிச்சுக்கிட்டா. தப்பிச்சாச்சு. மாமா தலையை ஆட்டினா போதும், எல்லாம் முடிஞ்சுடும். ஆட்டுங்க மாமா, ஆட்டுங்கன்னு மனசுக்குள்ள கெஞ்சினா.

மாமா எழுந்து நின்னாரு. 

"அதிர்ஷ்டம் இல்ல முதலாளி. அவரு சொல்றதுக்கு முன்னாடியே நான்தான் நிறுத்தினேன். அது விசிலடிக்குது. அதை என் கையால அனுப்ப மாட்டேன்."

முதலாளி சிரிப்பு பாதியில நின்னுச்சு. அவரு மாமாவைப் பாத்தாரு, பல்லைப் பாத்தாரு, அறையில எதுக்கு இத்தனை பேருன்னு எல்லாரையும் ஒரு சுத்து பாத்தாரு. பல்லை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. முன் பல்லு ரெண்டையும் கட்டைவிரலால தடவினாரு.

"இன்னும் கொஞ்சம் உள்ள போகணும்," ன்னு திருப்பிக் குடுத்துட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "மெழுகை எடு."

சில்லு பிடிச்சிருந்த மூச்சை விட்டா. காலையிலேருந்து ஒரு வாய் சாப்பிடலங்கறது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.